உப்பு வைக்காமல் அளந்த நாள்

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

குருவின் பெயர் ரஹ்மத்நிஷா. வேதாரண்யத்தை ஒட்டிய தோப்புத்துறையில், ஒற்றை அறையில், இறால் குட்டைக்காரர்களின் மீட்டர்களைப் பழுது பார்த்து வந்தார். தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று காட்டும் மீட்டர்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி, அதிலிருந்து நீளும் ஒயர், ஒயரின் முனையில் கட்டைவிரல் பருமனில் ஒரு சென்சார். சென்சாரைத் தண்ணீரில் விட்டால் பெட்டியில் எண் வரும். நான்குக்கு மேல் இருந்தால் இறாலுக்குக் கவலை இல்லை. மூன்றுக்குக் கீழே போனால் மூச்சு முட்டும். இன்னும் கீழே போனால் குட்டையே மிதக்கும்.

சீடரின் பெயர் அகோரமூர்த்தி. குட்டை மிதந்ததைக் கண்ணால் பார்த்தவர்.

அது ஒரு வைகாசியில் நடந்தது. முந்தின நாள் சாயங்காலம் மீட்டர் நல்ல எண்ணைத்தான் காட்டியது. நம்பிப் படுத்தார். விடிந்து போய்ப் பார்த்தால், எண்பது நாள் வளர்த்த இறால் அத்தனையும் கரையோரம் வெள்ளை வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தது. சென்சாரின் முனையைப் போர்த்தியிருக்கும் ஜவ்வில் ஊசி குத்தின அளவுக்கு ஒரு ஓட்டை. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்துக் காட்டியவர் ரஹ்மத்நிஷா.

அதற்குப் பிறகு அகோரம் குட்டை வைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு உள்ளே புகுந்த பயம் வெளியே போகவில்லை. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, அடுப்பை அணைத்தாயா என்று மனைவி சுசீலாவிடம் கேட்பார். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். பேருந்தில் ஏறினால் டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு வருவார். ஒரு நாள் ரஹ்மத்நிஷாவின் வாசலில் வந்து நின்றார்.

"இந்த வேலைய எனக்குச் சொல்லிக் குடுங்க மேடம்."

"எதுக்குண்ணே?"

"இன்னொருத்தரு குட்டை அப்படி மிதக்கக் கூடாது."

ரஹ்மத்நிஷா அவரை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார்.

முதல் நாளே அகோரம் கேட்டார்.

"மீட்டரு பொய் சொல்லாம இருக்கணும்னா என்னா செய்யணும்?"

ரஹ்மத்நிஷா ஒரு சென்சாரின் மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே இருந்த திரவத்தைக் கவிழ்த்துக் கொட்டினார். புது மூடி ஒன்றையும் சொட்டுப் புட்டியையும் அவர் முன்னால் நகர்த்தினார். மூடியின் அடியில்தான் ஜவ்வு இருக்கிறது, வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லிசாக.

"ரொப்புங்க."

அகோரம் ரொப்பித் திருகினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஜவ்வுக்கு அடியில் கடுகளவு காற்றுக் குமிழி. குமிழி இருந்தால் எண் கெட்டுப்போகும். ரஹ்மத்நிஷா அதை வாங்கி, கழற்றி, கொட்டி, மறுபடி நீட்டினார். கடுகு எள்ளாயிற்று, எள் ரவையாயிற்று. ரவைக்குப் பிறகு மறுபடி கடுகே வந்தது. பயந்து பயந்து ரொப்ப, விரல் நடுங்கிக் குமிழி கூடியது. மத்தியானச் சாப்பாடு ஆயிற்று. பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில், கை ஓய்ந்துபோய், இனி வந்தாலும் வரட்டும் என்று மூடியைச் சாய்த்து, பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, மெதுவாகத் திருகினார். குமிழி இல்லை.

"இனிமே பொய் சொல்லாதா மேடம்?"

"இனிமே பேசும்" என்றார் ரஹ்மத்நிஷா.

இப்படி மாதங்கள் போயின. அகோரம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். ஈரப் பஞ்சு வைத்த மூடிக்குள் சென்சாரை வைத்து, காற்றைக் காட்டி நூறு சதவீதத்துக்கு நேர் செய்யக் கற்றார். குட்டையின் பாசி ஜவ்வில் படியாமல் பஞ்சால் ஒற்றக் கற்றார். உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீர் அளவுக்கு ஆக்சிஜன் கரையாது, அதனால் அந்தந்தக் குட்டையின் உப்பு அளவை மீட்டரில் முதலில் வைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்று கற்றார். கற்றதை எல்லாம் மூன்று மூன்று தடவை செய்தார். ஜவ்வுக்கு உள்ளே இருக்கும் தங்க முனையைத் தினமும் அழுக்கெடுக்கும் தாளால் தேய்த்தார். ஒரு நாள் அந்தத் தாளைக் காணவில்லை. தேடு தேடென்று தேடிவிட்டு குருவிடம் கேட்டார்.

"நான்தான் எடுத்து வச்சேன்."

"அழுக்குப் படிஞ்சிருந்தா?"

"அழுக்கு போயி ஒரு மாசமாச்சு. அதுக்கப்புறம் நீங்க தேச்சதெல்லாம் தங்கம்."

இன்னொரு நாள், அறை வாசலில் ஒரு வாளித் தண்ணீரில் சென்சாரைத் தொங்கவிட்டு அகோரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு என்றது. கொஞ்ச நேரத்தில் ஐந்து. இமை கொட்டாமல் பார்த்தார். நாலரை. நான்கு. பார்க்கப் பார்க்க இறங்கியது. வாளித் தண்ணீருக்கு என்ன ஆயிற்று என்று கூப்பிட்டே விட்டார்.

ரஹ்மத்நிஷா வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து, சென்சாரைத் தண்ணீரில் மெல்ல ஆட்ட வைத்தார். எண் ஏறியது. ஐந்து. ஐந்தரை. ஆறு.

"தண்ணி அப்படியேதான் இருக்குண்ணே. இந்த சென்சார் அளக்கறப்ப ஆக்சிஜன தின்னுக்கிட்டேதான் அளக்கும். அசையாம ஒரே இடத்துல வச்சா, எதிர்ல இருக்கறத தின்னு தீத்துட்டு, ஒண்ணுமே இல்லம்பும்."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில், தெருமுனையிலிருந்தே திரும்பிப்போய் எத்தனை தடவை சுசீலாவிடம் அடுப்பைப் பற்றிக் கேட்டிருப்போம் என்று அகோரம் யோசித்தார். கேட்கக் கேட்க அவள் முகம் எப்படிச் சுருங்கியது என்பதும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் மறுநாள் காலை கேட்கத்தான் செய்தார்.

ஐப்பசி பிறந்தது. வானம் இரண்டு நாளாக மூடிக்கொண்டே இருந்தது. காற்று இல்லை. குட்டைக்காரர்கள் அஞ்சும் காலம் இது. வெயில் இல்லாவிட்டால் தண்ணீரில் இருக்கும் பாசி ஆக்சிஜன் விடாது. பகலிலேயே எண் இறங்கும்.

அந்த நேரம் பார்த்து ரஹ்மத்நிஷாவின் மாமனாருக்குத் தஞ்சாவூரில் கண் ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். ரஹ்மத்நிஷா மீட்டர்ப் பெட்டியை அகோரத்திடம் கொடுத்து, நாளைக்கு நான்கு இடத்துக்கும் நீங்களே போய் வாருங்கள் என்றார்.

தனியாகவா என்று அகோரம் கேட்டார். ரஹ்மத்நிஷா தலையசைத்தார்.

"தப்புப் பண்ணிட்டேன்னா மேடம்?"

"பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டு, மாமனாரின் துணிகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை அகோரம் மொபெட்டில் கிளம்பினார். முதல் இடம் ஆயக்காரன்புலம் பக்கம் ஒரு கெண்டைக் குளம். மழைத் தண்ணீர் நின்ற நன்னீர்க் குளம். மீட்டரில் உப்பு அளவைச் சுழியில், அதாவது பூஜ்யத்தில், வைத்தார், அளந்தார், குளத்துக்காரர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் புறப்பட்டார். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அப்படியும் வழியில் இரண்டு தடவை வண்டியை நிறுத்தி, பெட்டி கட்டியிருக்கும் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

இரண்டாவது இடம் கடலோரத்தில் தாழையடி. அங்கே பக்கிரிசாமி என்பவர் ஒற்றை இறால் குட்டை வைத்திருந்தார். இறாலுக்குத் தொண்ணூறு நாள் வயது. இன்னும் ஒரு வாரத்தில் பிடிப்பு.

பக்கிரிசாமி கண் சிவந்து நின்றார். இரண்டு நாளாக நான்கு ஏரேட்டர்களையும் நிறுத்தாமல் ஓட்டுகிறாராம். ஏரேட்டர் என்பது தண்ணீரைச் சிலுப்பிக் காற்றைக் கலக்கும் சக்கரம். அதில் ஒன்றின் கியர் பெட்டி சூடேறி, அரைக்கிற சத்தம் கேட்கிறது. மற்ற மூன்று மோட்டாரிலும் கை வைக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் நிறுத்தி ஆறவிட்டு, அதற்குள் வேதாரண்யம் போய் மெக்கானிக்கைக் கையோடு கூட்டி வந்துவிட்டால் ராத்திரி பயமில்லை. நிறுத்தலாமா கூடாதா என்று மீட்டர்தான் சொல்ல வேண்டும்.

தன் சொல்லுக்காக ஒரு மனிதர் காத்து நிற்கிறார் என்பதே அகோரத்தைக் கலக்கியது. பெட்டியைத் திறந்தார். ஜவ்வை வெளிச்சத்தில் பார்த்தார், ஓட்டை இல்லை. பூதக்கண்ணாடி வைத்து மறுபடி பார்த்தார். குமிழி இல்லை. மூடியைத் திருகிப் பார்த்தார், இறுக்கமாக இருந்தது. ஈரப் பஞ்சில் வைத்து நூறுக்கு நேர் செய்தார். சந்தேகம் வந்து இன்னொரு தடவை செய்தார். பக்கிரிசாமி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அகோரம் குட்டைக்குள் நீட்டியிருந்த பலகைமேல் நடந்துபோய் சென்சாரை இறக்கி, ஆட்டி ஆட்டி அளந்தார்.

நாலு புள்ளி ஐந்து.

"நாலுக்கு மேலதானே?" என்றார் பக்கிரிசாமி.

"மேலதான்."

"அப்ப நிறுத்தலாமா?"

அகோரம் இன்னொரு மூலையிலும் அளந்தார். அங்கேயும் அதே எண்.

"ரெண்டு மணி நேரம் நிறுத்தலாம்" என்றார்.

சக்கரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. குட்டை கண்ணாடி போல அமைதியாயிற்று. பக்கிரிசாமி கெட்டுப்போன ஏரேட்டரின் கியர் பெட்டியைக் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மூன்றாவது இடத்துக்குப் பதினொரு கிலோமீட்டர். பாதி வழியில் ஒரு டீக்கடையில் அகோரம் நின்றார். டீ வருவதற்குள் நோட்டில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தார். தேதி, நேரம், தண்ணீரின் சூடு, உப்பு, ஆக்சிஜன் என்று ரஹ்மத்நிஷா கட்டம் போட்டிருந்தார். தாழையடிக்கு நேராக, உப்பு என்ற கட்டத்தில் அவர் கை தானாக இருபத்து நாலு என்று எழுதியது. அது பக்கிரிசாமி குட்டையின் உப்பு. எல்லாக் குட்டையின் உப்பும் அவருக்கு மனப்பாடம்.

எழுதிய கை நின்றது.

இருபத்து நாலு என்று நோட்டில் எழுதியாயிற்று. மீட்டரில் வைத்தோமா?

பெட்டியைத் திறந்து மீட்டரைப் போட்டார். திரையின் மூலையில், சின்ன எழுத்தில், உப்பு சுழி என்று இருந்தது. காலையில் கெண்டைக் குளத்துக்கு வைத்த சுழி.

ஓட்டையைப் பார்த்தார், குமிழியைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். பயந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சரிபார்த்திருந்தார். உப்பைப் பற்றி அவருக்கு ஒரு நாளும் பயம் இருந்ததில்லை.

பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்த அட்டவணையில் விரல் வைத்துக் கணக்குப் போட்டார். உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீர் என்று நினைத்து மீட்டர் கூட்டிச் சொல்லியிருக்கிறது. நாலு புள்ளி ஐந்து இல்லை. மூன்று புள்ளி ஒன்பது.

டீ வந்தது. கையில் எடுத்தார், குடிக்கவில்லை.

ரஹ்மத்நிஷாவுக்குப் போன் போட்டார். அணைத்து வைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் இருப்பார். பக்கிரிசாமிக்குப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். அதுவும் அப்படியே.

மூன்று புள்ளி ஒன்பதுக்கும் நான்குக்கும் ஒரு புள்ளிதானே வித்தியாசம் என்று மனது பேசியது. ஒரு புள்ளியில் எந்த இறாலும் செத்ததில்லை. இரண்டு மணி நேரம்தானே. மூன்றாவது இடத்தில் காத்துக்கொண்டிருப்பார்கள். திரும்பிப் போனால் தனியாக வந்த முதல் நாளே உப்பு வைக்கத் தெரியாதவன் என்று ஊர் முழுக்கப் பேச்சாகும். போகாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நோட்டில்தான் இருபத்து நாலு என்று இருக்கிறதே.

வானத்தைப் பார்த்தார். காலையைவிடக் கறுத்திருந்தது. புளிய மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

அகோரம் டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

தாழையடிக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது தூறல் பிடித்தது. களிமண் பாதையில் வண்டி வழுக்கியது. ஓரமாகச் சாய்த்துவிட்டு, பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். கரைமேட்டில் ஏறியதும் முதலில் கொக்குகளைத்தான் பார்த்தார். பத்து, பதினைந்து இருக்கும். குட்டையின் ஓரத்தில் வரிசையாக நின்று, அவசரமில்லாமல் கொத்திக்கொண்டிருந்தன.

அடியில் கிடக்கிற இறால் ஓரத்துக்கு வந்தால்தான் கொக்கு இறங்கும்.

அகோரம் ஓடினார். கொக்குகள் எழுந்தன. தண்ணீரின் மேல்மட்டத்தில் ஆயிரமாயிரம் மீசைகள் அலைந்தன. மூச்சுக்காக மேலே வந்த இறால்கள், திசை தெரியாமல் சுற்றிச் சுற்றி நீந்தின. சில ஏற்கெனவே கவிழ்ந்திருந்தன. உப்பை இருபத்து நாலில் வைத்து சென்சாரை இறக்கினார்.

இரண்டு புள்ளி இரண்டு.

அவருக்கு வைகாசி மாதத்து விடியற்காலை கண்ணில் வந்தது. கால்கள் அப்படியே நட்டுவைத்ததுபோல் நின்றன. எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. ஓர் இறால் துள்ளி அவர் பாதத்தின்மேல் விழுந்தது. அப்போதுதான் கால் அசைந்தது.

கொட்டகைக்கு ஓடி சுவிட்சுகளைப் போட்டார். மூன்று சக்கரங்கள் சுற்றின. நான்காவது கழற்றிக் கிடந்தது. மேசைமேல் பக்கிரிசாமியின் போன் சார்ஜில் கிடந்தது, அகோரம் அழைத்த அழைப்புகளைத் திரையில் காட்டிக்கொண்டு. மூலையில் அவசரத்துக்கு வாங்கி வைத்திருந்த ஆக்சிஜன் குருணை மூட்டை இருந்தது. பிரித்து வாளியில் அள்ளிக்கொண்டு கரை முழுக்க வீசினார். நான்காவது சக்கரம் இல்லாத மூலையில் இறால்கள் அதிகமாகத் திணறின. வேட்டியை மடித்துக் கட்டி அதில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, வாளியால் மொண்டு மொண்டு உயரத் தூக்கி ஊற்றினார். அதனால் எவ்வளவு ஆக்சிஜன் கரையும் என்று அவருக்குத் தெரியும். ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். ஆனாலும் ஊற்றினார்.

முக்கால் மணி நேரம் கழித்துப் பக்கிரிசாமி மெக்கானிக்கோடு வந்தபோது, எண் மூன்றைத் தொட்டிருந்தது. பாதி இறால் கீழே இறங்கிவிட்டது.

பக்கிரிசாமி பார்த்த ஒரு பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது. வானம் இருட்டியதால் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கிவிட்டது, இந்த மனிதர் எதையோ உணர்ந்து மழையில் திரும்பி வந்திருக்கிறார் என்று அவராகவே விளங்கிக்கொண்டார். கரையில் குனிந்து, தண்ணீரில் நின்ற அகோரத்தின் கைகளைப் பிடித்து மேலே ஏற்றினார். பிடித்த கையை விடவில்லை. நீங்கள் வராவிட்டால் என் குட்டை போயிருக்கும், என் பிள்ளைகள் உங்களை மறக்க மாட்டார்கள் என்றெல்லாம் சொன்னார். மெக்கானிக்கும் தலையை ஆட்டினார்.

அகோரம் ஒன்றும் பேசவில்லை. மழைத் தண்ணீர் முகத்தில் வழிந்தது. இப்படியே இருந்துவிடலாம். தலையாட்டினால்கூடப் போதும். அதுவும் வேண்டாம், சும்மா நின்றால் போதும்.

கையை உருவிக்கொண்டார்.

"உப்பு வைக்காம அளந்துட்டேன்" என்றார்.

பக்கிரிசாமிக்குப் புரியவில்லை.

"காலையில நான் சொன்ன எண்ணு தப்பு. அப்பவே நாலுக்குக் கீழதான் இருந்துச்சு. நிறுத்தியிருக்கக் கூடாது. நிறுத்தலாம்னு சொன்னது என் தப்பு."

பக்கிரிசாமியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அகோரத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"கெளம்புங்க" என்றார்.

அகோரம் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். ஆனால் மொபெட் நின்ற இடத்தைத் தாண்டிப் போக அவரால் முடியவில்லை. மூன்றாவது, நான்காவது இடங்களுக்குப் போன் போட்டு, இன்றைக்கு வர முடியாது, சக்கரங்களை நிறுத்தாமல் ஓட்டுங்கள் என்று சொன்னார். பாதையோரம் குந்தினார். அரைமணி கழித்து எழுந்து குட்டைக்குப் போய் அளந்தார். பக்கிரிசாமி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அகோரம் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொட்டகை மேசையில் வைத்துவிட்டு மறுபடி பாதையோரம் போய்க் குந்தினார். அரைமணிக்கு ஒரு தடவை இப்படியே நடந்தது. மூன்று புள்ளி நான்கு. மூன்று புள்ளி எட்டு. மெக்கானிக் கியர் பெட்டியை மாட்டி நான்காவது சக்கரமும் சுற்றிய பிறகு, நான்கு புள்ளி இரண்டு. செத்த இறாலைப் பக்கிரிசாமியும் மெக்கானிக்குமாக வலையால் அரித்து எடுத்தார்கள். இரண்டு கூடை இருந்தது. மற்றது பிழைத்தது.

ஐந்தைத் தொட்டதும் அகோரம் கடைசிச் சீட்டை வைத்துவிட்டு, வெளிச்சம் மங்குவதற்குள் வீட்டுக்குக் கிளம்பினார்.

அடுத்த நாள் காலையில் ரஹ்மத்நிஷா தஞ்சாவூரிலிருந்து வந்துவிட்டார். அகோரம் அவருக்கு முன்பே வாசலில் உட்கார்ந்திருந்தார். அறைக்குள் போனதும் பெட்டியை மேசைமேல் வைத்தார். பெட்டிச் சாவியை அதன்மேல் வைத்தார். நடந்ததை, டீக்கடையில் மனது பேசிய பேச்சு உட்பட, ஒன்று விடாமல் சொன்னார். எனக்கு இந்த வேலை லாயக்கில்லை, என்னை நம்பி இனி ஒரு குட்டையையும் விடாதீர்கள் என்று முடித்தார்.

ரஹ்மத்நிஷா கேட்டுக்கொண்டே பர்தாவைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பக்கிரிசாமி அண்ணன் கேட்டுச் சொன்னீங்களா, நீங்களா சொன்னீங்களா?"

"நானாத்தான் சொன்னேன்."

ரஹ்மத்நிஷா ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் பிடித்தார். அலமாரியிலிருந்து வெள்ளைப் பொடி டப்பாவை எடுத்து இரண்டு கரண்டி கரைத்தார். அது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை எல்லாம் பிடித்துத் தீர்த்துவிடும் பொடி. கொஞ்ச நேரம் விட்டால் அந்தத் தண்ணீரில் ஒன்றுமே மிச்சம் இருக்காது.

அகோரத்தின் பெட்டியைத் திறந்து மீட்டரை எடுத்து வைத்தார். பழுது பார்க்க யாரோ கொடுத்துவிட்டுப் போயிருந்த இன்னொரு மீட்டரை அதன் பக்கத்தில் வைத்தார். பார்வைக்குப் புதுசு போலப் பளபளப்பாக இருந்தது. இரண்டு சென்சார்களையும் ஒரே குவளையில் இறக்கினார்.

அகோரத்தின் மீட்டர் இறங்கியது. நான்கு, இரண்டு, ஒன்று. முக்கால், கால் என்று தயங்கித் தயங்கிச் சுழிக்கு வந்தது. வந்த பிறகும் நிலைகொள்ளவில்லை. கடைசி இலக்கம் சுழிக்கும் ஒன்றுக்குமாக நடுங்கிக்கொண்டே இருந்தது.

மற்றது ஆறு புள்ளி இரண்டு என்றது. அப்படியே நின்றது. ஒரு புள்ளிகூட அசையவில்லை.

"இன்னைக்குக் குட்டைக்குப் போறதுன்னா எத எடுத்துக்கிட்டுப் போவீங்க?"

அகோரம் தன் மீட்டரைக் காட்டினார். காட்டிய பிறகு, நான் எங்கே போகப் போகிறேன் என்று கேட்டார்.

"தாழையடிக்கு. பக்கிரிசாமி அண்ணன் காலையில போன் பண்ணாரு. எட்டு மணிக்கு அளக்க ஆளு வரணுமாம்."

"யாரு வரணும்னாரு?"

"பேர் சொல்லல. நேத்து சீட்டு எழுதி வச்சவருன்னாரு."

அகோரம் எழுந்தார். சென்சாரை நல்ல தண்ணீரில் அலசி, பஞ்சால் ஒற்றி, ஈர மூடிக்குள் வைத்தார். நோட்டைத் திறந்து, நேற்றைய கட்டத்தில் இருபத்து நாலை அடித்துச் சுழி என்று எழுதினார். பெட்டியைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுக்கப்போன கையை நிறுத்திக்கொண்டு குருவைப் பார்த்தார்.

"இந்தப் பயம் எப்பதான் மேடம் போவும்?"

ரஹ்மத்நிஷா, குவளைப் பக்கத்தில் இன்னும் ஆறு புள்ளி இரண்டிலேயே நின்றுகொண்டிருந்த மீட்டரை எடுத்து, அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

"இதுக்குப் போயிருச்சுண்ணே."